பாதி மலை: சுமாரானவற்றுக்கு ஆங்கிலம் வைத்த பெயர்கள்



ஆங்கிலம் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தவன் நான். அந்தத் தொழிலில் கை ஓயாமல் எழுத வேண்டியிருந்த சொற்கள் சில உண்டு: ஆவரேஜ், ஃபேர், சாட்டிஸ்ஃபேக்டரி. முன்னேற்ற அறிக்கையில் 'குறிப்பு' என்ற கட்டம் விரலகலம்தான் இருக்கும். ஒரு பிள்ளை ஓராண்டு முழுதும் படித்ததை அந்தக் கட்டத்துக்குள் அடக்கியாக வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு எழுதச் சொல் தானாக வரும். தவறிய பிள்ளைக்கும் ஆசிரியர்கள் நாலு வார்த்தை யோசித்து எழுதுவார்கள். நடுவில் இருக்கும் பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரே சொல் வரிசையாக விழுந்துகொண்டே போகும்.

அந்தச் சொற்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். நடுத்தரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ செய்த ஓர் அளவுகோல் இருக்கிறது. அந்த அளவுகோல் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இவை நேர்மையான, பயனுள்ள சொற்கள். அது மறைந்துபோன இடத்தில் இதே சொற்கள் தீர்ப்பாக மாறிவிடுகின்றன; அதுவும் மேல்முறையீடு இல்லாத தீர்ப்பாக.

'மீடியோக்கர்' என்ற சொல்லிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் 'மீடியஸ்' என்றால் நடு. 'ஓக்ரிஸ்' என்றால் கரடுமுரடான மலை. மலையில் பாதி உயரம் ஏறி நிற்பது என்பதுதான் 'மீடியோக்ரிஸ்' என்பதன் மூலப்பொருள். ரோமானியர் இதை வசையாக மட்டும் வழங்கவில்லை. கவிஞர் ஹோரஸ் கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் 'பொன்னான நடுநிலை' என்று போற்றியபோது கையாண்டது இந்தச் சொல்லின் குடும்பத்தைத்தான். குடிசையும் வேண்டாம், பொறாமையைத் தூண்டும் மாளிகையும் வேண்டாம், நடுவில் வாழ் என்பது அவர் அறிவுரை.

அதே ஹோரஸ் கவிதைக் கலை பற்றி எழுதிய நூலில் வேறு விதமாகப் பேசுகிறார். வழக்கறிஞர் ஒருவர் தம் காலத்துப் பெரும் பேச்சாளரைப் போல நாவன்மை படைத்தவராக இல்லாவிட்டாலும் அவருக்கும் மதிப்பு உண்டு. ஆனால் கவிஞன் நடுத்தரமாக இருப்பதை மனிதரும் பொறுப்பதில்லை, தெய்வங்களும் பொறுப்பதில்லை, புத்தகக் கடைகளும் பொறுப்பதில்லை என்கிறார். வாழ்க்கைக்கு ஓர் அளவுகோல், தொழிலுக்கு ஓர் அளவுகோல், கலைக்கு ஓர் அளவுகோல் என்று மூன்றையும் அவர் தனித்தனியே வைத்திருந்தார். பிற்கால ஆங்கிலம் செய்தது என்னவென்றால், கவிஞனுக்காக வைத்த கடுமையான கோலை எடுத்துக்கொண்டு எல்லாரையும் அளக்கத் தொடங்கியது. இந்த உரையில் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த இடமாற்றத்தின் கதைதான்.

பதினாறாம் நூற்றாண்டின் கடைசிக் கட்டத்தில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது இச்சொல்லுக்கு நல்ல பெயர் இருந்தது. 1662ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆயரான சைமன் பேட்ரிக் என்ற குரு, இங்கிலாந்துத் திருச்சபையைப் புகழ்ந்து எழுதும்போது அதன் 'மீடியோக்ரிட்டி'யை ஓர் ஒழுக்கமாகவே பாராட்டினார். ஒருபுறம் ரோமின் ஆடம்பரம், மறுபுறம் கடும் தூய்மைவாதிகளின் வறட்சி, இரண்டுக்கும் நடுவில் எங்கள் சபை நிற்கிறது என்பது அவர் பெருமிதம். அதே 1662இல் வெளிவந்த இங்கிலாந்தின் பொது வழிபாட்டு நூலில், ஆட்சியாளர்கள் 'இண்டிஃபரண்ட்'டாக நீதி வழங்க வேண்டும் என்ற வேண்டுதல் உண்டு. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் அக்கறையற்ற நீதிபதிதான் மனத்தில் தோன்றுவார். அன்று அதன் பொருள் பாரபட்சமின்மை. இவர் அவர் என்று வேற்றுமை பாராட்டாமை. அது மெல்ல மெல்ல 'நல்லதுமில்லை, கெட்டதுமில்லை' என்று ஆகி, பிறகு 'அப்படியொன்றும் நன்றாக இல்லை' என்ற இடத்துக்கு இறங்கியது. ஒருவருடைய உடல்நிலை 'இண்டிஃபரண்ட்' என்று பழைய நாவல்களில் வந்தால் அவர் நலமாக இல்லை என்று பொருள்.

நடுவுநிலையைக் குறித்த இரண்டு நல்ல சொற்கள் இப்படிக் கீழே போயிருக்கின்றன. இதை மொழியின் இயல்பான தேய்மானம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. போட்டியும் தரவரிசையும் வளர்ந்த சமூகத்தில் நடுவில் நிற்பது என்பதற்கே 'மேலே போகத் தவறியது' என்ற பொருள் ஏறிவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

'ஆவரேஜ்' வந்த வழி வேறு. அது கடலிலிருந்து வந்தது. சேதமடைந்த சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல் ஒன்று இத்தாலியத் துறைமுகங்கள் வழியே பிரெஞ்சுக்குள் நுழைந்து, பிறகு ஆங்கிலத்தில் ஏறியது. புயலில் கப்பல் தத்தளிக்கும்போது சுமையைக் குறைக்கச் சில மூட்டைகளைக் கடலில் எறிவார்கள். யாருடைய மூட்டை போனாலும் நட்டத்தை எல்லா வணிகரும் தத்தம் சரக்கின் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கீட்டுக்குத்தான் 'ஆவரேஜ்' என்று பெயர். பங்கிட்டுக் கிடைக்கும் எண்ணுக்கும் அதே பெயர் பின்னர் அமைந்தது. கணக்கிலிருந்து கிளம்பிய சொல் கடைசியில் மனிதர்கள் மேலும் ஒட்டிக்கொண்டது.

கடல் வணிகத்தில் பழைய பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2021 மார்ச் மாதம் 'எவர் கிவன்' என்ற சரக்குக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றது நினைவிருக்கும். அதை மீட்ட செலவு பெரிது. கப்பலின் உரிமையாளர்கள் 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார்கள். அதன்படி அந்தக் கப்பலில் சரக்கு ஏற்றியிருந்த ஒவ்வொருவரும் மீட்புச் செலவில் ஒரு பங்கு ஏற்க வேண்டும். பங்குக்கு உத்தரவாதம் தராமல் பெட்டியை எடுத்துப்போக முடியாது. ஒருவன் இழப்பை எல்லாரும் சுமப்பது என்ற அறம் இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. 'அவன் ஆவரேஜ் மாணவன்' என்று சொல்லும்போது அந்த அறத்தில் ஒரு துளியும் நம் காதில் விழுவதில்லை.

நம்மிடம் உள்ள 'சுமார்' என்ற சொல்லின் கதையும் இதை ஒத்ததுதான். பாரசீகத்தில் அதன் பொருள் எண்ணிக்கை. 'சுமார் நூறு பேர்' என்கையில் அந்தப் பழைய கணக்கு கேட்கிறது. 'படம் சுமார்' என்கையில் கணக்கு போய் மதிப்பீடு வந்துவிடுகிறது. எண்ணுக்காக வந்த சொல் தரத்தைச் சொல்ல நழுவுவது ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததன்று.

இனி நெசவுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

ஆங்கிலேயரிடம் நலம் விசாரித்தால், குறிப்பாக வட இங்கிலாந்தில், 'ஃபேர் டு மிட்லிங்' என்று பதில் வரும். 'ஏதோ இருக்கிறேன்' என்பதற்கு ஒப்பான பதில். 'ஃபேர்', 'மிட்லிங்' இரண்டும் பருத்தி வணிகத்தில் தரப்பெயர்களாக வழங்கியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பருத்தியைத் தரம் பிரித்தபோது அடியில் 'ஆர்டினரி', அதன் மேல் 'குட் ஆர்டினரி', பிறகு 'லோ மிட்லிங்', 'மிட்லிங்', 'குட் மிட்லிங்', 'மிட்லிங் ஃபேர்', உச்சியில் 'ஃபேர்' என்று ஏணிபோல் வைத்தார்கள். தரம் பார்ப்பவர் பொதியிலிருந்து ஒரு பிடியை உருவி, வெளிச்சத்தில் நிறம் பார்ப்பார். இலைத் துணுக்கும் தூசியும் எவ்வளவு என்று பார்ப்பார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே இழுத்து இழையின் நீளம் பார்ப்பார். லிவர்பூல் சந்தையில் 'மிட்லிங்' தரத்துக்குத்தான் விலை பேசுவார்கள். மற்றத் தரங்களுக்கெல்லாம் அதிலிருந்து கூட்டியோ குறைத்தோ கணக்கு. ஒரு சந்தை முழுவதும் நடுத்தரத்தை ஆதாரமாக வைத்து நடந்தது. 'மிட்லிங்' என்று எழுதியதைப் பார்த்து எந்த வணிகரும் முகம் சுளித்ததில்லை. அளவுகோல் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது; சொல் அந்தக் கோலில் ஓர் இடம், அவ்வளவுதான்.

'ரன் ஆஃப் த மில்' என்பதும் இதே உலகத்துச் சொல். ஆலையிலிருந்து வந்த துண்டுகளையும் போர்வைகளையும் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்காமல் வந்தது வந்தபடி விற்றால் அதற்கு அந்தப் பெயர். அதில் நல்லதும் கலந்திருக்கும், பழுதும் கலந்திருக்கும். தரம் பிரிக்கப்படாதது என்ற பொருளில் தொடங்கி, தனித்தன்மை இல்லாதது என்ற பொருளுக்குப் போய்விட்டது. இந்த நகர்வில் ஓர் அநீதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பிரித்துப் பார்க்கப்படாத ஒன்றை, பிரித்துப் பார்த்துக் கழிக்கப்பட்டதைப் போலப் பேசுகிறோம்.

பருத்தி தந்த இன்னொரு சொல் நம் நாட்டு ஊர்ப்பெயர். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. பிரிட்டனின் பருத்தியில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. துறைமுகங்கள் முற்றுகையில் மூடப்பட, லங்காஷயர் ஆலைகள் வேறு வழியின்றி இந்தியப் பருத்தியை எடுத்தன. மேற்கு இந்தியாவிலிருந்து போன அந்தப் பருத்திக்கு அங்கே 'சூரத்' என்று பெயர். இழை குட்டை. தூசும் விதைத் துணுக்கும் மிகுதி. பாவு நூல் அடிக்கடி அறுந்தது. அறுந்த ஒவ்வொரு முறையும் தறியை நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். நெய்த துண்டுக்குத்தான் கூலி என்பதால் நெசவாளியின் வார வருமானம் விழுந்தது. ஏற்கெனவே பாதி ஆலைகள் மூடிக் கிடந்த காலம் அது. பருத்தி அனுப்பும்படி கடவுளை மன்றாடிய வழிபாட்டுக் கூட்டத்தில் 'சூரத் மட்டும் வேண்டாம்' என்று ஒரு தொழிலாளி குரல் கொடுத்ததாக அங்கே ஒரு கதை வழங்குகிறது. சாமுவேல் லேக்காக் என்ற வட்டாரமொழிக் கவிஞர் சூரத் நெசவாளியின் பாட்டு என்றே ஒரு பாடல் எழுதினார். கொஞ்ச நாளில் 'சூரத்' என்பது எந்த மட்டமான பொருளுக்கும் பெயரானது. தங்களைச் 'சூரத்' பியர் வடிப்பவர்கள் என்று ஒருவர் விளம்பரம் செய்ததற்காக 1863இல் ஒரு பியர் நிறுவனத்தார் அவதூறு வழக்கே தொடர்ந்தார்கள்.

அந்த நெசவாளியின் துயரத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கூலி போன வயிற்றிலிருந்து வந்த வசை அது. ஆனாலும் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். பருத்தி மட்டமா, எந்திரம் அதற்கு ஒவ்வாததா? லங்காஷயர் எந்திரங்கள் நீண்ட அமெரிக்க இழைக்கென்று அமைக்கப்பட்டவை. டாக்காவின் மெல்லிய மஸ்லின் குட்டை இழைப் பருத்தியிலிருந்துதான் கைநூற்பில் பிறந்தது. கையின் அளவுகோலில் உலகப் புகழ் பெற்ற ஒரு தன்மை, எந்திரத்தின் அளவுகோலில் குறையாக எழுதப்பட்டது. 'சூரத்' என்ற வசைக்குள் 'இந்த எந்திரத்துக்கு' என்ற சொற்கள் விடுபட்டிருக்கின்றன. நடுத்தரம், மட்டம் என்று யார் எதைச் சொன்னாலும் விடுபட்ட அந்தச் சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

'ஆர்டினரி' என்ற சொல்லைப் பாருங்கள். பருத்தி ஏணியில் அது அடிப்படி. ஆஸ்திரேலியாவில் ஒருவருடைய ஆட்டத்தை 'ப்ரிட்டி ஆர்டினரி' என்றால் படுமோசம் என்று பொருள். ஆனால் 1951இல் இங்கிலாந்தில் பள்ளித் தேர்வுக்கு 'ஆர்டினரி லெவல்' என்று பெயர் வைத்தபோது யாரும் கூனிக்குறுகவில்லை. அங்கே 1988இல் அந்தத் தேர்வு முறை போய்விட்டது. இலங்கையில் இருக்கிறது, 'சாதாரண தரம்' என்று தமிழில் அழகாக வழங்குகிறது. சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வீடே கொண்டாடும். 'சாதாரணம்' என்ற சொல் அங்கே யாரையும் குத்துவதில்லை. அது எந்தப் படி, அடுத்த படி எது என்பது எல்லாருக்கும் தெரியும்.

பயன்பாட்டில் 'ஆவரேஜ்', 'மீடியோக்கர்' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டும். மழையளவை 'ஆவரேஜ்' எனலாம். உயரத்தையும் வயதையும் அப்படிச் சொல்லலாம். இவற்றில் எதையும் 'மீடியோக்கர்' என்று சொல்ல முடியாது. திறமையோ உழைப்போ எதிர்பார்க்கப்படும் இடத்தில், அது போதாது என்று சொல்வதற்கே அந்தச் சொல். 'குவைட் குட்' என்பதில் இன்னொரு பொறி உண்டு. அமெரிக்கர் சொன்னால் பெரும்பாலும் நிஜமான பாராட்டு. ஆங்கிலேயர் சொன்னால் 'பரவாயில்லை' என்ற அளவில் நிற்கும். 'நாட் பேட்' என்று ஆங்கிலேயர் சொன்னாலோ, தொனியைப் பொறுத்து, மனமாரப் புகழ்ந்ததாகவும் இருக்கலாம். வெளிநாட்டு மேலதிகாரியிடமிருந்து மின்னஞ்சலில் இவை வரும்போது, அனுப்பியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொண்டு படிப்பது நல்லது.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் அரசியலில் ஓர் ஆதரவுப் பேச்சே எதிராகத் திரும்பியிருக்கிறது. 1970இல் அமெரிக்க அதிபர் நிக்சன், ஹாரல்டு கார்ஸ்வெல் என்ற நீதிபதியை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார். அவர் நடுத்தரமானவர் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தின் செனட்டர் ரோமன் ஹ்ருஸ்கா அவருக்கு ஆதரவாகப் பேசினார். அப்படியே வைத்துக்கொண்டாலும் நாட்டில் மீடியோக்கரான மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே, அவர்களுக்கும் பிரதிநிதித்துவம் வேண்டாமா என்று கேட்டார். எல்லாரும் பிராண்டைஸ், ஃபிராங்க்ஃபர்ட்டர், கார்டோசோ போன்ற பெரும் நீதிபதிகள் ஆகிவிட முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். சாதாரண மக்களுக்காகப் பேசுவதாக அவர் எண்ணியிருக்கலாம். 'ஆர்டினரி' என்றோ 'ஆவரேஜ்' என்றோ சொல்லியிருந்தால் அது வாதமாக நின்றிருக்கும். 'மீடியோக்கர்' என்ற சொல்லில் போதாமை ஏற்கெனவே ஏறியிருந்ததால் ஆதரவுப் பேச்சே ஒப்புதல் வாக்குமூலம் ஆயிற்று. ஏப்ரல் 8ஆம் தேதி 51க்கு 45 என்ற வாக்கில் செனட் அந்தப் பரிந்துரையை நிராகரித்தது.

ஹோரஸ் நடுத்தர வழக்கறிஞருக்கு மதிப்பு உண்டு என்றாரே, செனட் செய்தது தவறா என்று கேட்கலாம். என் பார்வையில் முடிவு சரி, சொல்தான் போதவில்லை. கார்ஸ்வெல் 1948இல் தேர்தலில் நின்றபோது வெள்ளையர் மேலாதிக்கத்தை ஆதரித்துப் பேசியவர். அது நடுத்தரம் என்ற சொல்லுக்குள் அடங்கும் குறையா? அநீதியை 'சுமார்' என்று அழைத்தால் அநீதிக்கு மெத்தை விரித்ததாகும். இந்தச் சொற்களை மிகையாக வீசுவது ஒரு பிழை என்றால், கடுஞ்சொல் தேவைப்படும் இடத்தில் இவற்றை எடுத்துப் போர்த்துவது அதனினும் பெரிய பிழை.

எதிர்த்திசையில் அநீதி அடைந்தவர் இசையமைப்பாளர் சாலியேரி. பீட்டர் ஷாஃபரின் 'அமேடியஸ்' நாடகம் 1979இல் லண்டனில் மேடையேறியது, 1984இல் திரைப்படமானது. அதில் சாலியேரி, மொசார்ட்டோடு தம்மை ஒப்பிட்டு நொந்து, நடுத்தரர்களின் காவல் தெய்வமாகத் தம்மை அறிவித்துக்கொள்கிறார். நாடகமாக அது மகத்தானது. ஆனால் நிஜச் சாலியேரியிடம் பாடம் கேட்டவர்களில் பேத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூவரும் உண்டு. மொசார்ட்டை அளவுகோலாக நட்டுவிட்டால் அந்த நூற்றாண்டில் யார்தான் நடுத்தரம் ஆக மாட்டார்கள்?

இளையவர்கள் இப்போது 'மெஹ்' என்கிறார்கள், 'மிட்' என்கிறார்கள். 'மெஹ்' என்பதைத் தன் அகராதியில் சேர்ப்பதாக 2008இல் காலின்ஸ் அறிவித்தது. இவற்றில் அளவுகோலின் சுவடுகூட இல்லை. ஒரு தோள் குலுக்கல் மட்டுமே இருக்கிறது. நண்பர்கள் பேச்சுக்கு அது போதும். அடுத்தவர் உழைப்பை மதிப்பிட அது போதாது.

பள்ளிக்கூடத்தில் தொடங்கினேன், பள்ளிக்கூடத்தைப் பற்றியே மேலும் சொல்கிறேன். இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வுசெய்யும் அரசு அமைப்பு ஆஃப்ஸ்டெட். அதன் தர அட்டவணையில் 'சாட்டிஸ்ஃபேக்டரி' என்று ஒரு படி இருந்தது. அகராதிப்படி 'போதுமானது'. 2012 செப்டம்பரில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் 'முன்னேற்றம் தேவை' என்று வைத்தார்கள். போதும் என்ற சொல்லுக்குப் போதாது என்ற பொருள் ஏறிவிட்டதை அரசே முத்திரையிட்டு ஒப்புக்கொண்ட நாள் அது. அதற்கும் கீழ்ப் படியில் 'இன்அடிகுவேட்', அதாவது போதாதது என்ற சொல் இருந்தது. 2022 நவம்பரில் ரெடிங் நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றுக்கு அந்தச் சொல் கிடைத்தது. அறிக்கை வெளியாகும் முன்பே, 2023 ஜனவரியில், அதன் தலைமையாசிரியை உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஆய்வும் அவர் இறப்புக்கு ஒரு காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று. 2024 செப்டம்பரில், ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் மதிப்பிடும் முறையை அங்கே நிறுத்திவிட்டார்கள்.

நூற்றுக்கணக்கான பிள்ளைகள், ஆசிரியர்கள், சமையற்கூடம், நூலகம், வாசலில் காத்திருக்கும் பெற்றோர் எல்லாவற்றையும் ஒரு சொல்லில் சொல்ல முடியும் என்ற எண்ணம் எவ்வளவு கொடியது! விரலகலக் கட்டத்தில் 'ஆவரேஜ்' எழுதும் நம் வழக்கத்தையும் நாம் விட்டாக வேண்டும். 'கூட்டல் தெளிவு, பின்னத்தில் தடுமாறுகிறாள், வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறாள்' என்று எழுதக் கூடுதலாக ஒரு நிமிடம் ஆகும். கட்டம் போதவில்லையென்றால் கட்டத்தைப் பெரிதாக அச்சிடச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்கலாம். இதைக் கேட்க ஆசிரியர் சங்கங்கள் முன்வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

2025 நவம்பர் முதல் ஆஃப்ஸ்டெட் புது அறிக்கை அட்டையைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி மதிப்பீடு, ஐந்து படிகள். நடுவில் 'முன்னேற்றம் தேவை' இல்லை. 'எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்டு', அதாவது எதிர்பார்க்கும் தரம் என்று வைத்திருக்கிறார்கள். நடுவிலிருக்கும் பள்ளி செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது என்று மனமாரச் சொல்லும் சொல் அது. நடுவுக்கு ஓரளவு மரியாதை திரும்பியிருக்கிறது. 'சாட்டிஸ்ஃபேக்டரி'யும் ஒருகாலத்தில் இப்படித்தான் தொடங்கியது. இந்தப் புதுச்சொல் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிக்கிறது, பெற்றோர் அதை எந்தத் தொனியில் உச்சரிக்கத் தொடங்குகிறார்கள் என்பதை உங்களில் சொல்லாராய்ச்சியில் ஆர்வமுள்ளவர்கள் இப்போதிருந்தே குறித்துக்கொண்டு வாருங்கள்.